ஒரு மோசமான ரோடு தேவை

வண்டி நேராகப் போகும்போது டயரின் இரைச்சலைத் தவிர வேறு சத்தம் இல்லை. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் மட்டும், தூங்குகிற பெரிய மனிதர் ஒருவர் பல்லைக் கடிப்பதுபோல முன்சக்கரத்திலிருந்து "கர்ர்ர்ர்" என்று வந்தது.

இதற்குக் கண்ணாடிக்காரர் முதலில் கண்டுபிடித்த வைத்தியம், ஸ்டியரிங்கை ஒடிக்காமலே ஓட்டுவது.

"கிளினிக் பின்னாடி போயிடுச்சு," என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி.

"தெரியும்."

"அப்ப திருப்ப வேண்டியதுதானே?"

"முன்னாடி ஒரு பெரிய ரவுண்டானா இருக்கு. அதுல மெதுவா, பட்டும் படாம சுத்தி வந்துடலாம்."

"அந்த ரவுண்டானா ஊருக்கு வெளியில இருக்கு!"

"காலையில காத்து நல்லா இருக்கும்."

மனைவி பெருமூச்சு விட்டாள். அவள் பிசியோதெரபிஸ்ட். கழுத்தைத் திருப்ப முடியாதவர்கள் கிளினிக் வாசலில் அவளுக்காகக் காத்திருந்தார்கள்.

"ரோடே இல்லாத இடத்துக்கெல்லாம் போகும்னு சொல்லித்தானே இதை வாங்கினீங்க? ரோடு இருக்கிற இடத்துக்கே போக மாட்டேங்குதே! என் பேஷண்டுங்களே பரவாயில்ல. அவங்களுக்குக் கழுத்து மட்டும்தான் திரும்பாது."

கண்ணாடிக்காரர் டயர் போட்ட இரைச்சலில் அது காதில் விழாததுபோல இருந்துவிட்டார். புது டயரில் அவருக்குக் கிடைத்த முதல் லாபம் அதுதான்.

ஊரில் அவரை எல்லோரும் கண்ணாடிக்காரர் என்றுதான் சொல்வார்கள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். காலையிலிருந்து மாலை வரை ஒரு இருட்டறையில் நின்றுகொண்டு, வருகிறவர்களின் மூக்கில் இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா? இது தெளிவா இருக்கா?" என்று கேட்பது அவர் தொழில். தூரத்தில் இருப்பதை மற்றவர்களுக்குக் காட்டிக் காட்டியே வயதாகிவிட்டது. அவர் மட்டும் அந்த எழுத்துப் பலகை மாட்டிய சுவரைத் தாண்டிப் போனதில்லை.

அப்படிப்பட்டவர் கண்ணில்தான் அந்த வண்டி பட்டது. கடைக்கு வந்த ஒருவர் வெளிநாட்டுக்குக் குடிபோகிறார் என்று விற்றுக்கொண்டிருந்தார். பழைய வண்டிதான். ஒரு கதவு மற்ற கதவுகளின் நிறத்தில் இல்லை. ஆனால் அது நின்ற தோரணை! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஆறா, மலையா, எதுவென்று சொல்லு" என்று கேட்பதுபோல நின்றது. கண்ணாடிக்காரரிடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. வாங்கிவிட்டார்.

வாங்கினதோடு விட்டிருக்கலாம். டயர் தேய்ந்திருந்ததால் டயர்க்கடைக்குப் போக வேண்டியதாயிற்று.

டயர்க்கடையை நடத்தியது ஒரு பெண்மணி. கட்டைக் குரல். மூன்று டயர்களை உருட்டிக்கொண்டு வந்து வரிசையாக நிறுத்தினார்.

"இது வழவழன்னு இருக்கு பாருங்க, தார் ரோட்டுக்கு. இது கட்டம் கட்டமா இருக்கு, சேத்துக்கு. நடுவுல இருக்கிறது ரெண்டுக்கும். உங்களுக்கு எது?"

கண்ணாடிக்காரர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். திரும்ப முதலிலிருந்து பார்த்தார். தன் கடை நாற்காலியில் உட்கார்ந்து "ரெண்டுமே ஒரே மாதிரிதான் தெரியுது" என்று விழிப்பவர்கள் மேல் அவருக்கு முதல்முறையாக இரக்கம் வந்தது.

"எங்க ஓட்டுவீங்க?" என்று டயர்க்கடை அம்மா அவர் வேலையைச் சுலபமாக்கப் பார்த்தார்.

வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து வீட்டுக்கு, வழியில் மனைவியின் கிளினிக். இதுதான் உண்மை. ஆனால் வாசலில் நிற்கும் வண்டி கேட்டுக்கொண்டிருக்கும்போது அதை எப்படிச் சொல்வது?

"மலை," என்றார். "காடு. ஆறு."

"ஆத்துல ஓட்டுவீங்களா?"

"குறுக்க வந்தா."

டயர்க்கடை அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். இஸ்திரி போட்ட சட்டை. பாக்கெட்டில் கண்ணாடி துடைக்கும் மஞ்சள் துணி.

"நடுவுல இருக்கிறதை எடுத்துக்குங்க சார். சத்தம் இருக்காது, சீக்கிரம் தேயாது."

"சேத்து டயரே குடுங்க. இதைவிடக் கொஞ்சம் பெருசா இருக்கா?"

இருந்தது. அதுதான் இப்போது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.

*

மெக்கானிக்கை எல்லோரும் "நாளைக்கு" என்று கூப்பிட்டார்கள். பெற்றோர் வைத்த பெயர் வேறு. எந்த வேலையைக் கொடுத்தாலும் அவர் சொல்லும் முதல் வார்த்தையே பெயராக ஒட்டிக்கொண்டுவிட்டது.

நாளைக்கு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"டயர் உள்ள இடிக்குது சார். ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, டயரைச் சின்னதாக்கணும்."

"இன்னொண்ணு?"

"வண்டியைப் பெருசாக்கணும்."

"டயரை எப்படிச் சின்னதாக்குவீங்க?"

"கழட்டிட்டுப் பழைய சைஸே போட்டுக்கிறதுதான்."

கண்ணாடிக்காரர் டயர்க்கடை அம்மாவின் முகத்தை நினைத்துப் பார்த்தார். "வண்டியைப் பெருசாக்குங்க," என்றார்.

"அப்ப ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாம் மாத்தி உயர்த்தணும். ஸ்பிரிங்கு பலவிதமா இருக்கு. வண்டியில எவ்வளவு வெயிட்டு ஏத்துவீங்கன்னு சொன்னாத்தான் சரியாப் போட முடியும்."

அவர் தினமும் ஏற்றியது ஒரு சாப்பாட்டு டப்பா.

"கூடாரம்," என்றார் கண்ணாடிக்காரர். "தண்ணி டிரம். ரெண்டு ஸ்பேர் டயர். சமையல் சாமான்."

"எப்பவுமேவா சார்?"

"எப்பவுமே."

நாளைக்குவின் முகத்தில் மரியாதை பொங்கியது. "அப்ப லாரிக்கு நிகரா ஒண்ணு இருக்கு சார். அதையே போட்டுடறேன். நாளைக்கு வாங்க."

பல நாளைக்குகள் கழித்து வண்டி வந்தது. குடியிருப்பு வாசலில் அதைப் பார்த்த மனைவி, பக்கத்தில் போய் நின்று, கையை உயர்த்திக் கதவுப்பிடியைத் தொட்டுப் பார்த்தாள்.

"இதுல எப்படி ஏறுறது?"

"அதுக்கு யோசனை பண்ணி வெச்சிருக்கேன்," என்று கண்ணாடிக்காரர் உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்து வைத்தார். அதில் ஒரு கயிறு கட்டியிருந்தது. ஏறி உட்கார்ந்த பிறகு கயிற்றை இழுத்தால் ஸ்டூலும் உள்ளே வந்துவிடும்.

"கிணத்துல தண்ணி எறைக்கிற மாதிரி இருக்குப்பா," என்றாள் காலேஜில் படிக்கும் மகள், ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டே.

"கர்ர்ர்" போய்விட்டது. வண்டி இரண்டு பக்கமும் ஒடிந்தது. ஆனால் லாரிக்கு நிகரான ஸ்பிரிங்குக்கு மூன்று பேரும் ஒரு சாப்பாட்டு டப்பாவும் எந்த மூலைக்கு? சாலையில் ஒரு வாழைப்பழத் தோல் கிடந்தால்கூட மூவரும் கூரையைத் தொட்டுவிட்டு வந்தார்கள்.

"ஏ-ஏ-ஏங்-ங்க," என்றாள் மனைவி.

"எ-எ-என்ன-ன-ன?"

"இ-இறக்-க்கி வி-விடு-டுங்க!"

இறங்கி நின்று, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, குலுங்காத குரலில் சொன்னாள். "நான் ஒரு முதுகெலும்பை நேராக்க மாசக்கணக்கா போராடறேன். நீங்க ஒரே தெருவுல மூணு முதுகெலும்பைக் கோணலாக்கிட்டீங்க. எனக்குத் தொழில் விருத்தியாகணும்னு பண்றீங்களா?"

கண்ணாடிக்காரர் நாளைக்குவிடம் போனார். "வண்டி காலியா இருக்கு சார். ஸ்பிரிங்கு லோடு கேக்குது. எங்க உங்க கூடாரம், தண்ணி டிரம் எல்லாம்?"

"வந்துக்கிட்டே இருக்கு," என்றார் கண்ணாடிக்காரர்.

கூடாரத்துக்குப் பதிலாக மணல் மூட்டைகள் வந்தன. பின்னால் அடுக்கியதும் வண்டி அப்படியே அடங்கி, குழந்தையைத் தாலாட்டுவதுபோலப் போனது. மனைவிகூட ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னாள். "இப்ப மனுஷங்க போற வண்டி மாதிரி இருக்கு. மணல் போற வண்டியில மனுஷங்க போற மாதிரி."

இன்னொரு நன்மையும் இருந்தது. உயர்த்தினதிலிருந்து வண்டி குடியிருப்பின் அடித்தளப் பார்க்கிங்குக்குள் நுழையாமல் தெருவிலேயே நின்றது. இப்போது மணல் பாரத்தில் தாழ்ந்துவிட்டதால், குறுக்குவிட்டத்துக்கு அடியில் நூலிழை இடைவெளியில் உள்ளே வழுக்கிக்கொண்டு போனது. கண்ணாடிக்காரர் சாவியை வழக்கம்போல வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, விசிலடித்துக்கொண்டே படியேறினார்.

மறுநாள் காலை கீழே வந்தவர் விசிலை நிறுத்தினார்.

வண்டி விட்டத்தில் முட்டிக்கொண்டு நின்றது. கூரைக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே ஒரு தாளைச் சொருக முடியாது. கட்டடத்தையே தலையில் தாங்குவதுபோல இருந்தது.

"மணல் மூட்டையெல்லாம் எங்க?"

வாட்ச்மேன் பெருமையோடு வந்தார். "பம்ப் ரூம்ல பைப் உடைஞ்சு ஒரே வெள்ளம் சார். உங்க வண்டியில மூட்டை சும்மாதானே கெடக்குதுன்னு, வண்டியை இங்க பம்ப் ரூம் பக்கமா நகர்த்தி நிறுத்தி, எடுத்து அணை கட்டிட்டேன். இல்லன்னா லிஃப்ட்டுக்குள்ள தண்ணி போயிருக்கும். தலைவரே வந்து பாராட்டினாரு."

"அதையெல்லாம் திருப்பி எடுத்துட்டு வாங்க."

"எடுத்தா வெள்ளம் வருமே சார்!"

குடியிருப்போர் சங்கத் தலைவர் அதற்குள் வந்துவிட்டார். பருத்த சரீரம். அவர் பின்னால் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். நாளைக்குவுக்குப் போன் போட்டால் "நாளைக்கு வந்து பாக்கறேன் சார்" என்றார். வண்டி நின்றது நடுவழியில். அதைத் தாண்டி எந்த வண்டியும் வெளியே போக முடியாது.

"மூட்டைதானே இல்ல? மனுஷங்க இருக்கோமே," என்றார் தலைவர். "நாங்க ஏறி உக்காந்தா தாழாதா?"

சொல்லிவிட்டு அவரே முதலில் ஸ்டூலில் கால் வைத்தார். ஸ்டூல் முனகியது. அவர் உட்கார்ந்ததும் வண்டி ஒரு பக்கமாகப் பணிந்தது. "பலன் தெரியுது, பலன் தெரியுது!" என்று வெளியே நின்றவர்கள் கத்தினார்கள். தலைவரின் மனைவி ஏறினார். மூன்றாவது மாடி நாட்டிய டீச்சர், அவரிடம் கற்றுக்கொள்ள வந்த இரண்டு பெண்மணிகள், அவசரமாகக் கோர்ட்டுக்குப் போக வேண்டிய ஒரு வக்கீல், மடியில் ஃபைல் கட்டோடு. பின்பக்கம் மணல் இருந்த இடத்தில் நான்கைந்து பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். கூரைக்கும் விட்டத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது.

"யாரும் மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க!" என்று வாட்ச்மேன் எதற்கோ ஒரு யோசனை சொன்னார்.

கண்ணாடிக்காரர் மெல்ல ஓட்டினார். வண்டி விட்டத்தைக் கடந்து, சரிவில் ஏறி, வெயிலுக்கு வந்தது. உள்ளே ஒரே கைதட்டல்.

"சார், அப்படியே ஒரு ரவுண்டு போலாமே," என்றார் நாட்டிய டீச்சர்.

"எனக்குக் கோர்ட்டுக்கு நேரமாச்சு," என்றார் வக்கீல். பிறகு, "ஒரே ஒரு ரவுண்டுன்னா சரி," என்றார்.

தெருவைச் சுற்றி வந்தார்கள். வேகத்தடையில் வண்டி மெத்தென்று ஏறி இறங்கியபோது தலைவர் சின்னக் குழந்தை மாதிரிச் சிரித்தார். இறங்கியதும் முகத்தைத் தலைவராக்கிக்கொண்டு, "இனிமே இந்த வண்டி அடித்தளத்துக்குள்ள வரக் கூடாது. சங்கத்தோட முடிவு," என்றார்.

எல்லோரும் போன பிறகு மகள் கேட்டாள். "அப்பா, டயர்ல காத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டிருந்தாலே வண்டி தாழ்ந்திருக்குமே?"

கண்ணாடிக்காரர் அவளை முறைத்தார். "அதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"எல்லாரும் அவ்வளவு சந்தோஷமா ஏறிட்டிருந்தாங்க. கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

*

வண்டி மறுபடியும் தெருவுக்கு வந்தது. டயர்க்கடை அம்மா ஒருநாள் அந்தப் பக்கமாகப் போனவர், குனிந்து டயரைத் தடவிப் பார்த்தார்.

"என்ன சார் இது, இப்பவே தேய ஆரம்பிச்சிருக்கு! இது சேத்துக்குன்னே பொறந்தது. இதைப் போய்த் தார் ரோட்ல தேய்க்கறீங்களே. ஒருதடவையாவது சேத்தைக் கண்ணுல காட்டினீங்களா?"

காட்டவில்லை. கண்ணாடிக்காரருக்குச் சுருக்கென்றது. அந்த ஞாயிற்றுக்கிழமை மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சேறு தேடிக் கிளம்பினார்.

முதலில் கல்குவாரிக்குப் போகும் பாதை. முன்பெல்லாம் மாட்டுவண்டி குடைசாயும் என்று பேர் வாங்கிய பாதை. இப்போது தார் போட்டு, நடுவில் வெள்ளைக் கோடு போட்டு, பளபளவென்று கிடந்தது. அடுத்து ஏரிக்கரை. அங்கே வழவழக் கல் பதித்து, நடக்கிறவர்கள் உட்கார பெஞ்சு போட்டிருந்தார்கள். வண்டியைப் பார்த்து ஒருவர், "ஏதாவது சினிமா ஷூட்டிங்கா?" என்று கேட்டார்.

ஊர் எல்லையில் ஒரு ரோடு ரோலர் ஊர்ந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்காரர் நிறுத்தி, தலையை வெளியே நீட்டினார்.

"ஏங்க, இந்தப் பக்கம் மோசமான ரோடு ஏதாவது இருக்கா?"

ரோலர் டிரைவர் எஞ்சினை அணைத்தார். "என்ன கேட்டீங்க?"

"குண்டும் குழியுமா, சேறும் சகதியுமா..."

"எங்க வேலையில என்ன சார் குறை கண்டீங்க?" ரோலர் டிரைவருக்கு முகம் சிவந்துவிட்டது. "இந்தச் சுத்துவட்டாரத்துல ஒரு பள்ளத்தைக் காட்டுங்க பாக்கலாம்! நான் இந்த வேலையையே விட்டுடறேன்!"

பள்ளம் இருந்தால் காட்டமாட்டாரா? நல்ல ரோட்டைப் பார்த்துக் கண்கலங்கிய ஒரே குடிமகன் அன்று அவர்தான். திரும்பும் வழியில் ஒரு வேகத்தடை வந்தது. அதில் ஏறி இறங்கினார். பின்னால் எடுத்து இன்னொரு தடவை ஏறி இறங்கினார். மறுபடியும் பின்னால் எடுத்தார்.

"அப்பா, போதும்," என்றாள் மகள் மென்மையாக. "அதுக்கே கூச்சமா இருக்கும்."

அன்று சாயங்காலம் வண்டியின் பின்கண்ணாடியில், கண் பரிசோதனைப் பலகையில் எழுதுவதுபோலக் கொட்டை எழுத்தில், "விற்பனைக்கு" என்று ஓர் அட்டையை ஒட்டினார். ஒட்டியபின் வண்டியின் முகத்தைப் பார்க்காமல் மேலே வந்துவிட்டார்.

அதன்பிறகு வீடு அமைதியாயிற்று. அவர் டயரைப் பற்றிப் பேசவில்லை. ஸ்பிரிங்கைப் பற்றிப் பேசவில்லை. கடையில் ஒருவர் எழுத்துப் பலகையைத் தலைகீழாகப் படித்தபோதுகூடச் சிரிக்கவில்லை. கடைக்கு நடந்தே போய்வந்தார். வேளாவேளைக்குச் சாப்பிட்டுவிட்டு, ஜன்னல் வழியாகத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒருத்தர் போன் பண்ணினார். திங்கக்கிழமை வண்டியைப் பாக்க வர்றாராம்," என்றார் ஒருநாள், சட்னி அரைத்துக்கொண்டிருந்த மனைவியிடம்.

"நல்லதாப் போச்சு. தொல்லை விட்டுது," என்றாள் மனைவி. மிக்ஸியை அணைத்துவிட்டு அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டாள்.

வார இறுதி நெருங்கும்போது அவளே பேச்சை ஆரம்பித்தாள்.

"அப்பா போன் பண்ணினார். தோட்டத்து வீட்டுக்கு ஒருதடவை வந்துட்டுப் போங்கன்னார். ஆனா ரோடு ரொம்ப மோசமாயிடுச்சாம்."

கண்ணாடிக்காரர் தட்டிலிருந்து நிமிர்ந்தார். "எவ்வளவு மோசம்?"

"காரெல்லாம் போகாதாம்."

"சேறா?"

"டிராக்டரே திணறுதாம்."

"அடப்பாவமே!" என்றார் கண்ணாடிக்காரர். அவர் முகம் பல்ப் போட்டதுபோல ஆகிவிட்டது. "பாவம் மாமா. அவருக்கு உடனே ஏதாவது உதவி தேவைப்படும். நாளைக்கே போயிடலாம்!"

"ஞாயித்துக்கிழமை போலாம். உரம் வேற வாங்கிட்டு வரச் சொன்னார். மூட்டை மூட்டையா."

*

மாமனார் ரோடு கான்ட்ராக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மெயின் ரோட்டிலிருந்து தோட்டத்து வீடு வரை, சொந்த நிலத்தில், தானே நின்று போட்ட பாதை ஒன்று வைத்திருந்தார். இரண்டு ஓரமும் வெள்ளையடித்த கல். அதில் ஒரு சருகு விழுந்தால்கூட எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

அந்த மனிதர் கேட்டருகே குடையோடு நின்றார். வெயில் சுள்ளென்று அடித்தது.

"வாங்க மாப்ள," என்றார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பயங்கர மழை. ரோடெல்லாம் போச்சு." அதைச் சொல்லும்போது அவர் பாதையின் பக்கம் திரும்பவில்லை.

கண்ணாடிக்காரர் எட்டிப் பார்த்தார். ஆகா! வெள்ளைக் கல்லெல்லாம் பெயர்ந்து கிடந்தது. பள்ளம், அதற்கப்பால் மேடு, மேட்டுக்கப்பால் அதைவிடப் பெரிய பள்ளம். எல்லாவற்றிலும் செங்காவி நிறத்தில் தண்ணீர் தளும்பியது. பக்கத்திலிருந்த மரங்களின் இலையில் படிந்திருந்த புழுதியை அவர் கவனிக்கவில்லை. அழகான பெண்ணைப் பார்க்கிறவன் பின்னால் இருக்கும் சுவரையா பார்ப்பான்?

"நீங்க ஓரமா நடந்து வந்துடுங்க மாமா. நான் பாத்துக்கறேன்."

நாலு சக்கரத்தையும் இழுக்கவைக்கும் ஃபோர் வீலைப் போட்டார். சின்ன கியருக்கு மாற்றினார். வண்டி மூக்கைத் தாழ்த்தி முதல் பள்ளத்துக்குள் இறங்கியது. உரமூட்டைப் பாரத்தில் அந்த முரட்டு ஸ்பிரிங் முதல்முறையாகத் தன் வேலையைச் செய்தது. குதிக்கவில்லை, உலுக்கவில்லை. யானை ஆற்றில் இறங்குவதுபோல நிதானமாக இறங்கி, மறுபக்கம் ஏறியது. டயரின் கட்டங்கள் சேற்றைக் கவ்விக் கவ்விப் பின்னால் துப்பின.

"அப்பா, செம!" என்று மகள் கத்தினாள்.

மனைவி இரண்டு கையாலும் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் வாயிலிருந்து வந்த சத்தம் பயமா சிரிப்பா என்று முதலில் தெரியவில்லை. இரண்டாவது பள்ளத்தில் சிரிப்புதான் என்று உறுதியாயிற்று.

மூன்றாவது பள்ளத்தில் வண்டி நின்றுவிட்டது. நான்கு சக்கரமும் சுற்றின. வண்டி நகரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் இன்னும் கொஞ்சம் புதைந்தது.

கண்ணாடிக்காரர் எஞ்சினை அணைத்தார். கரையில் மாமனார் குடையை இறுக்கிப் பிடித்தபடி நின்றார். மகள் வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். இந்தத் தடவை அவரே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

கண்டுபிடித்தார். பேண்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு சேற்றில் குதித்தார். ஒவ்வொரு டயராகப் போய்க் காற்றைக் கொஞ்சம் இறக்கினார். டயர் தளர்ந்து, பாதத்தை அகலமாக ஊன்றிக்கொண்டது. திரும்ப ஏறி, கொஞ்சம் பின்னால் எடுத்து, மூச்சுவிடாமல் முன்னால் விட்டார். வண்டி ஒருமுறை நடுங்கியது. ஒருமுறை முனகியது. பிறகு பிளக்கென்ற சத்தத்தோடு சேற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டு மேட்டில் ஏறி நின்றது.

மூவரும் சேர்ந்து கத்தியதில் மரத்திலிருந்த காக்கைகள் பறந்தன.

"ஏங்க," என்றாள் மனைவி. அவள் நெற்றியில், மூக்கில், ஒரு பக்கக் காதில் எல்லாம் சேறு. "இதை விக்கவா போறீங்க?"

கண்ணாடிக்காரர் இறங்கிப் பின்னால் போனார். சேற்றுக்கடியில் "விற்பனைக்கு" என்பதில் ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. இருந்தாலும் தேடிப் பிடித்து அட்டையைக் கிழித்தெடுத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மஞ்சள் துணியால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வந்த வழியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவ்வளவு தெளிவாக எதையும் அவர் அதுவரை பார்த்ததில்லை.

வீட்டு வாசலில் மாமனார் பைப்பைத் திறந்துவிட்டார். எல்லோரும் காலைக் கழுவினார்கள். கண்ணாடிக்காரர் பேச்சை நிறுத்தவில்லை.

"மாமா, நீங்க இந்த ரோட்டைச் சரி பண்ண அவசரப்பட வேணாம். வேணுங்கிற சாமானைச் சொல்லுங்க, வாரா வாரம் நான் கொண்டுவந்து குடுக்கறேன்."

மாமனார் திடுக்கிட்டுத் தன் மகளைப் பார்த்தார். அவர் மகள் வேறெங்கோ பார்த்தாள்.

அப்போது கொட்டகைக்குப் பின்னாலிருந்து, தோளில் துண்டோடு, கை முழுக்கக் காய்ந்த செம்மண்ணோடு ஒருவர் வந்தார். அவருக்குப் பின்னால் மஞ்சள் நிறத்தில் ஒரு பொக்லைன் இயந்திரம் கையை மடக்கிக்கொண்டு நின்றது. அவர் கண்ணாடிக்காரருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நேராக மனைவியிடம் போய்க் கேட்டார்.

"அக்கா, நீங்க சொன்ன மாதிரியே தோண்டித் தண்ணி விட்டிருந்தேன், சாருக்குப் பிடிச்சிருந்துதா? இப்பவே மூடிடவா, இல்ல திரும்பிப் போறப்பவும் ஒருதடவை வேணுமா?"